வளையல் நழுவிய தட்டணுக்கள்

மண்ணீரல் என்கிற உறுப்பு உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஐம்பது வயதுவரை எனக்குத் தெரியாது. இடப்பக்கம், விலா எலும்புக்குள்ளே, இரைப்பையின் மேல் சாய்ந்தபடி ஒரு கைப்பிடி அளவுக்கு இருக்கிறதாம். அது இருக்கிறது என்று சொன்ன டாக்டரே, அதே மூச்சில், அதை எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஐம்பது வருடம் சத்தம் போடாமல் கூடவே குடியிருந்த ஒருத்தியை அறிமுகப்படுத்திவிட்டு, உடனே பெட்டியைக் கட்டச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

எடுக்கவில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். எடுக்காமல் போனது எப்படி என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். “பிளேட்லெட் கம்மி” என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இது போய்ச் சேர்ந்தால் போதும். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. கடலூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறவள். மிச்ச நேரத்தில் கவிதையாகவும் இல்லாமல் கட்டுரையாகவும் இல்லாமல் எதையாவது எழுதிக் கிழிப்பவள். அதனால் சொல்வது முன்னே பின்னே ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்ட கையோடு எங்கள் ஊரில் காய்ச்சல் கிளம்பும். தெருவுக்கு நாலு பேர் படுப்பார்கள். அந்த வருடம் நானும் படுத்தேன். டெங்குவாக இருக்கும் என்று ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை. ஆனால் அதே ரத்தத்தில் தட்டணு பதினெட்டாயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. தட்டணு என்பது வேறொன்றும் இல்லை, நாம் பிளேட்லெட் என்று சொல்வதுதான். ரத்தத்தில் மிதந்துகொண்டே இருக்கும் துளியூண்டு துண்டுகள். எங்கேயாவது குழாய் கிழிந்தால் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடைத்துக்கொள்ளும். அது குறைந்தால் ரத்தம் நிற்காது. இன்னும் குறைந்தால் தலைக்குள்ளேயே கசியலாம் என்றார்கள். அந்த ‘கசியலாம்’ என்ற சொல் என்னைவிட என் வீட்டுக்காரரை அதிகம் பிடித்துக்கொண்டது.

அவர் பெயர் அருள். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆள். வால்வு, பிரஷர், கசிவு என்றே முப்பது வருடம் வேலை பார்த்தவரிடம் போய்க் கசிவு என்று சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் இருந்த அரிவாள்மனை மறுநாளே காணாமல் போயிற்று. மேசை முனைகளுக்கெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். எனக்கு ஒரு குழந்தைகள் பிரஷ் வாங்கி வந்தார், அதில் ஒரு முயல் படம். “உனுக்கு ஈறு கிழிஞ்சிடுமோன்னு, நீ பல்லு வெளக்குற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது” என்றார். காதலிக்கும்போதுகூட இந்த மாதிரி ஒரு வசனம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

பப்பாளி இலைச் சாறு வந்தது. யார் சொன்னது, யார் ஆரம்பித்தது என்று தெரியாது. காலையில் ஒரு டம்ளர் அடுத்த வீட்டிலிருந்து, மத்தியானம் ஒன்று ஸ்கூலிலிருந்து, சாயங்காலம் ஒன்று சர்ச்சிலிருந்து. எங்கள் தெருப் பக்கம் அந்த மாதம் எந்தப் பப்பாளி மரத்துக்கும் தலையில் முடி இல்லை. குடித்தேன். கசப்பு நாக்கைத் தாண்டிக் காது வரைக்கும் போகும். தட்டணு அசையவில்லை. இவருடைய கம்பெனி ஆட்கள் நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு வேனில் வந்திறங்கி, எனக்காக வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். அதிலிருந்து பிரித்த தட்டணுவை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு எனக்கு ஏற்றினார்கள். மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது அது. பழக்கமே இல்லாத மனிதர்களின் நல்லெண்ணம் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்சம் ஏறிற்று. மறுபடி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

காய்ச்சல் போயிற்று. எண் மட்டும் போகவில்லை.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பொறுமையாகப் பேசுகிற ஒரு பெரிய டாக்டர்தான் சொன்னார். “உங்க உடம்பே உங்க தட்டணுவ எதிரின்னு நெனச்சு அழிக்குதும்மா. அந்த அழிப்பு வேலை ஜாஸ்தி நடக்குற எடம் மண்ணீரல்.” எனக்குள்ளே ஒரு காவல்காரன் வீட்டுக்காரியையே பிடித்து அடிக்கிறான் என்று புரிந்துகொண்டேன். புரிந்ததும் ஒரு வெட்கம் வந்தது, கோபமும் வந்தது. நான் என்னைப் பிடிக்காமல் இருந்ததே இல்லையே, பிறகு ஏன்?

“குடும்பத்துல யாருக்காவது ரத்த சம்பந்தமான நோய் உண்டா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தது. அழிக்கிற காவல்காரனைத் தூங்கவைக்கும் மருந்து. அவன் தூங்கினானோ இல்லையோ, நான் தூங்கவில்லை. முகம் தோசைக்கல் மாதிரி வட்டமாயிற்று. பசி என்றால் அப்படி ஒரு பசி. கை நடுங்கும், மனம் ஓடும். ஓடிய மனம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதினேன். பின்னால் படித்துப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. ஸ்கூலில் ஒரு பெண் “மிஸ், நீங்க இப்பதான் மிஸ் நல்லா இருக்கீங்க, கன்னமெல்லாம் வந்திருக்கு” என்றாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சர்க்கரையும் ஏறியது. தட்டணு ஏறவில்லை.

மாதங்கள் போயின. மருந்து தோற்றால் அடுத்தது அறுவை. மண்ணீரலை எடுத்தால் அழிக்கிற இடமே இருக்காது, எண்ணிக்கை தானாக ஏறும். அதற்காகச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மண்ணீரல் போய்விட்டால் சில கிருமிகளை எதிர்க்க உடம்பில் ஆள் இருக்காது, ஆயுசுக்கும் காய்ச்சல் என்றால் பயந்து ஓடிவர வேண்டும் என்று சொல்லி, முன்கூட்டியே தடுப்பூசிகளும் போட்டார்கள். போட்ட இடமெல்லாம் நாவற்பழம் விழுந்த மாதிரி கன்றிப் போயிற்று.

ஆஸ்பத்திரிகளில் நேரம் வேறு மாதிரி நகரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் கூப்பிடும்வரை அது நிற்கும். கூப்பிட்டதும் செருப்பைத் தேடுவதற்குள் ஓடிவிடும். அந்தக் காத்திருக்கும் கூடத்தில் எல்லாருடைய மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாப் பையிலும் ஒரு ஸ்கேன், ஒரு ஃபிளாஸ்க், ஒரு மாற்றுத் துண்டு. பக்கத்தில் இருந்தவர் என் பையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, “ஸ்டீராய்டா?” என்றார். “ஆமா” என்றேன். “எனக்கும்” என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரே ஊர்க்காரர்களைக் கண்டுகொண்ட சந்தோஷம் இருவருக்கும்.

வார்டில் சேர்த்தார்கள். ராத்திரியில் மின்விசிறிக்குக் கீழே கிடந்தபடி என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தலையணையில் அழுத்திக் கேட்பேன். கேட்கும். அது ரத்தமா, ரயிலா என்று சந்தேகம் வரும். சிதம்பரத்தில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

இனி கோமளம் அத்தை. என் அப்பாவின் தங்கை, கீரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் சிதம்பரத்தில் படுத்த நாளிலிருந்து டவுன் பஸ்ஸில் சாப்பாட்டு கேரியரோடு தினமும் வந்து இறங்கினாள். வந்ததும் வார்டு முழுக்க ஒரு சுற்று. யாருக்கு என்ன, யார் பார்க்க வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் என் கட்டிலுக்கு வருவாள். என்னைக் கூப்பிடுவது ‘மருமவளே’. கோபம் என்றால் ‘அடியே மருமவளே’.

அறுவைக்கு முந்தின நாள் மத்தியானம். நான் படுத்திருக்கிறேன். இவர் ஜன்னலோரம் ஸ்டூலில். அத்தை பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கு என் கையைத் தூக்கிக் காட்டி, கன்றிப்போன இடங்களையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் ஊசின்னு சொல்றாங்க. ஊசி இல்ல. எங்க பொறந்த வூட்டுல வயித்துல புள்ள தங்குனா காட்டேரிக்குப் படைக்கணும். கறுப்புக் கோழி, கருவாட்டுக் கொழம்பு, முருங்கக்கீர. ரத்தம் குடிக்கிறவ அவ. குடுக்க வேண்டியத முன்னாடியே குடுத்துட்டோம்னா பிரசவத்துல கைய வெக்க மாட்டா. இவ சர்ச்சுக்குப் போற வேதக்கார வூட்டுல கட்டிகிட்டுப் போனா. படையலாவது ஒண்ணாவது! அதான் கிள்ளிக் கிள்ளி வெச்சிருக்கா.”

ஜன்னலோரத்திலிருந்து இவர், “யம்மா, இப்ப வேணா ஒரு கோழி வாங்கியாரட்டா?” என்றார்.

“இப்ப வாங்கி என்னா பண்றது தம்பி? உங்க பொண்ணு காலேஜே முடிச்சிட்டா. அவளுக்கு ஆவும்போது சொல்றேன், அப்ப வாங்கு.”

நான் சிரித்தேன். சிரித்தால் வயிறு குலுங்கும், குலுங்கினால் கசியும் என்று இவர் முறைத்தார்.

அப்போதுதான் ஒரு பெண் உள்ளே வந்திருப்பதைக் கவனித்தேன். வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும், கட்டில் காலருகே கையில் ரத்தம் எடுக்கும் குப்பிகள் வைத்த ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் ஜமீலா. பரங்கிப்பேட்டைக்காரி. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காருகிற டாக்டர். அந்தப் பிரிவு டாக்டர்கள் வார்டுக்கு வருவதே அபூர்வம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாள் அறுவைக்காகத் தட்டணு தயாராக வைக்க என் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாள். மெஷின் பழைய எண்ணையே கொடுத்திருக்கிறது. ஆனால் கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தபோது, அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அதனால் வந்திருந்தாள்.

“யார் யாரையெல்லாம்மா கிள்ளுவா அந்தக் காட்டேரி?” என்று அத்தையைக் கேட்டாள். குரலில் கேலி இல்லை.

அத்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது. விரல் மடக்கினாள். “எங்க அப்பாவ. ஆம்பளன்னும் பாக்கல, அவரு தொடையெல்லாம் நீலமா கெடக்கும். எங்க அண்ணன, இவ அப்பன. என்னை. என் பெரிய மவன. சின்னவன தொடவே மாட்டா, அவன் அவுங்க அப்பா ஜாட.”

“பல்லு புடுங்குனா?”

“ரெண்டு நாளு துணியக் கடிச்சிகிட்டுக் கெடப்போம். அது எல்லாருக்கும் உள்ளதுதான?”

“எல்லாருக்கும் இல்லம்மா” என்றாள் ஜமீலா. “பிரசவத்துல?”

“அத ஏங் கேக்குற. எனக்குப் பெரியவன் பொறந்தப்ப பாய் மாத்தி மாத்தி மாளல. அதுக்குத்தான படையலு.”

ஜமீலா என் பக்கம் திரும்பினாள். “குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு எழுதியிருக்கே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “வியாதி இருக்கான்னுதான அவுங்க கேட்டிருப்பாங்க? இது வியாதியா? இது எங்க வூட்டு சங்கதி.”

சின்ன வயதில் அப்பாவின் முழங்கையில் நீலம் பார்த்திருக்கிறேன். என் தொடையிலும் பார்த்திருக்கிறேன். “காட்டேரி கிள்ளிட்டா” என்று சொல்லி நல்லெண்ணெய் தடவுவார்கள், அதோடு சரி. தலைவலி, சளி மாதிரிகூட அதை ஒரு கோளாறாக யாரும் நினைத்ததில்லை. மூக்கு நீளம், குரல் கட்டை, காட்டேரி கிள்ளு. எங்கள் வீட்டு அடையாளம். டாக்டர் நோயைக் கேட்டார், நான் நோயைத் தேடினேன், அது அந்த அலமாரியில் இல்லை.

“அம்மா, உங்க வெரலக் கொஞ்சம் குடுங்க” என்றாள் ஜமீலா.

“எனக்கு என்னாத்துக்கு? நான் கல்லாட்டம் இருக்கேன். சோறு கொண்டாந்தவளுக்கு ஊசியா?”

“ஒரே சொட்டு.”

“அடியே மருமவளே, நீ பாத்துகிட்டுக் கெடக்குறியே!” என்று கத்திக்கொண்டே கையை நீட்டினாள். குத்தியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்துச் சிரித்துத் தன் தையலைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜமீலா திரும்பி வந்தபோது ஏறக்குறைய ஓடி வந்தாள். அத்தையின் ரத்தத்திலும் அதே தட்டணுக்கள். என்னுடையவை மாதிரியே பெரிது பெரிதாக, உருண்டையாக. சில சிவப்பணு அளவுக்கு இருக்கின்றனவாம். மெஷின் எண்ணுவது அளவைப் பார்த்து. இவ்வளவு சின்னதாக இருந்தால் தட்டணு, அதற்கு மேல் இருந்தால் சிவப்பணு என்று அதற்கு ஒரு கணக்கு. எங்கள் வீட்டுப் பெரிய தட்டணுக்களையெல்லாம் அது சிவப்பணுவோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. கண்ணால் பார்த்துக் கையால் எண்ணினால் மெஷின் சொன்னதைப்போல் மூன்று பங்குக்கும் மேலே இருக்கிறது. குறைவுதான், ஆனால் பயப்படுகிற குறைவு இல்லை.

“யாரும் அழிக்கலம்மா உங்களோடத. செய்யும்போதே அப்படித்தான் செய்யுது உங்க உடம்பு.”

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “புரியிற மாதிரி சொல்லும்மா” என்றார்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில் ஒரு ராட்சத செல் இருக்கிறது. தட்டணுவுக்குத் தாய் அவள்தான். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஓர் எலும்புக்கூடு உண்டு. நம் எலும்பு மாதிரி ஒரே இடத்தில் நிற்பதில்லை. கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி கட்டும், அவிழ்க்கும், வேறு இடத்தில் கட்டும். அந்தச் சாரத்தின் கொம்புகள் மிக மெல்லிய குழல்கள். தட்டணு செய்கிற நேரம் வந்ததும் அந்தக் குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நீளும். நீள நீளத் தாய் செல்லிலிருந்து கைகள் முளைக்கும். அந்தக் கைகள் ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் இடுக்கு வழியே உள்ளே நுழைந்து, ஓடுகிற ரத்தத்தில் தொங்கும். ஓட்டத்தின் இழுப்பில் நுனி நுனியாக அறுந்து போகும். அறுந்த ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டணு.

எனக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடு தெரியும். சுரபுன்னை மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்குத் தண்ணீரை நோக்கித் தொங்கும். காலம் வந்ததும் கழன்று விழுந்து, ஓதத்தோடு மிதந்து போகும். என் எலும்புக்குள் ஒரு உப்பங்கழி இருக்கிறது, அங்கே ஒரு தாய் மரம் தண்ணீருக்குள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்ததும், மாதக்கணக்கில் என்மேல் எனக்கு இருந்த கோபம் தளர்ந்து போயிற்று.

“உங்க வீட்டுல அந்தக் குழல் செய்யிற புரதத்துல ஒரு சின்ன மாத்தம் இருக்கணும்னு நெனக்கிறேன்” என்றாள் ஜமீலா. “அதனால கை கம்மியாத்தான் மொளைக்கும். துண்டு கம்மி, ஆனா ஒவ்வொண்ணும் பெருசு. அப்புறம் இன்னொண்ணு. அம்மா, ஒரு வளையல் குடுங்க.”

“கண்ணாடி வளையலக் கழட்டக் கூடாதும்மா, உங்க மாமா உசுரோட இருக்காரு.”

“இன்னும் பத்து இருக்கே கையில.”

முனகிக்கொண்டே அத்தை ஒன்றைக் கழற்றினாள். ஜமீலா தன் கைக்குட்டையை எடுத்து அந்த வளையலுக்கு மேலும் கீழும் மடித்து இழுத்துப் பிடித்தாள். துணி அப்பளம் மாதிரி தட்டையாக, வட்டமாக நின்றது. “நல்ல தட்டணுக்குள்ள இந்தக் குழலே வளையலாச் சுத்தி நிக்கும். அதான் அது தட்டை.” வளையலை உருவினாள். துணி சுருண்டு உருண்டையாயிற்று. “உங்க வீட்டுத் தட்டணுவுல வளையல் சரியா நிக்கல. அதான் உருண்டை. ஆனா ஒட்டுற வேலைய ஓரளவுக்கு ஒழுங்காவே செய்யும். அம்பது வருசம் நீங்க ஓடியாடித் திரிஞ்சதே அதனாலதான்.”

“மண்ணீரல்?” என்றேன்.

“அது பாவம், ஒரு தப்பும் பண்ணல. எடுத்தாலும் எண்ணிக்கை ஏறாது. ஆனா முடிவு நான் எடுக்க முடியாது. சர்ஜன்கிட்டயும் ரத்த நோய்க்கான பெரிய டாக்டர்கிட்டயும் பேசுறேன். அவுங்க தகட்டப் பாக்கணும். அதுவரைக்கும் நீங்க நாளைக்கு ஆபரேஷன்னே வெச்சிக்குங்க. பட்டினியா இருங்க.”

அவள் போனதும் எங்கள் சண்டை ஆரம்பித்தது. எனக்கு அவள் சொன்னது முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. இவருக்கு இறங்கவில்லை.

“இன்னிக்கு ஒருத்தங்க பெருசுங்கிறாங்க. நேத்து ஒருத்தரு அழிக்குதுன்னாரு. எதுக்குடி இந்த ஆட்டம்? எடுத்துட்டு நிம்மதியா வூட்டுக்குப் போவோம்.”

“எடுத்தா நிம்மதி உனக்கு. எனக்கு ஒரு உறுப்பு போவும்.”

“எனக்கு நீ போயிடக் கூடாது.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “புருசன் பொண்டாட்டி ரெண்டும் பட்டினியில சண்ட போட்டா மயக்கந்தான் வரும்” என்று கேரியரை இவர் பக்கம் தள்ளினாள். இவர் தொடவில்லை. எழுந்து வெளியே போனார்.

எங்கே போனார் என்று அப்போது தெரியவில்லை. ஜமீலாவின் அறைக்குப் போயிருக்கிறார். “நான் கெமிக்கல் கம்பெனி ஆளும்மா. மீட்டர் ஒண்ணு சொல்லும், நெசம் ஒண்ணு இருக்கும். கண்ணால பாக்காம வால்வத் தொறக்க மாட்டோம். எனக்குக் காட்டு” என்றாராம். அவள் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, முதலில் வேறு யாருடைய ரத்தத்தையோ காட்டியிருக்கிறாள். தூள் தூளாக, மிளகுப்பொடி தூவின மாதிரி தட்டணு. பிறகு என் தகட்டை வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, “பாத்தேன்டி” என்றார்.

“என்னா பாத்த?”

“உன்னோடத. மத்தவங்களோடது மிளவுத்தூளு. உன்னோடது ஒவ்வொண்ணும் பண்ருட்டிப் பலாக்கொட்ட கணக்கா இருக்கு. கத்திரிப்பூ கலர்ல.” என் போர்வை நுனியை நீவிவிட்டார். “அழகா இருந்துச்சி.”

முப்பது வருடத்தில் என் எழுத்தில் ஒரு வரியைக்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை. அதைச் சொல்லிச் சண்டையைப் புதுப்பிக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“காத்திருப்போம்” என்றார். “அவுங்க எடுக்கலாம்னு சொன்னாலும் ஏன்னு கேப்போம்.”

அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவில் அறுவைக்குக் குறித்திருந்த அந்தக் காலைப்பொழுது மட்டும் இருக்க வேண்டும் எனக்கு. ரத்தம் தூரத்து ஊருக்குப் போய், மரபணுப் பரிசோதனை முடிந்து, பல வாரம் கழித்துப் பதில் வந்தது: ஜமீலா நினைத்ததுதான், அந்தக் குழல் செய்கிற புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகள் நிலாவுக்கும் எடுத்துப் பார்த்தோம், அவளுக்கும் இருக்கிறது. போனில் சொன்னபோது அவள், “அப்ப எனக்கும் பலாக்கொட்டயாம்மா?” என்று சிரித்தாள், நான்தான் அழுதேன். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைத்தார்கள், கன்னம் படிப்படியாகப் போயிற்று. பல் பிடுங்குவதானாலும் பிரசவமானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நாங்களாக வாங்கிப் போடக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் வீட்டுக்கு வைத்தியம். அத்தை இன்னும் படையல் போடச் சொல்கிறாள். நிலாவுக்கு ஆகும்போது போடுவோம், டாக்டரிடமும் சொல்வோம். உங்கள் வீட்டிலும் நோய் என்ற பெயரில் இல்லாத ஏதாவது இருக்கும். கேட்டுப் பாருங்கள், பல் பிடுங்கிய கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்தக் காலை. தண்ணீர்கூட இல்லாமல் விடிந்தது. ராத்திரி ஊருக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்துத் தங்கிய அத்தை, கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற பச்சை உடுப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, முதுகுப் பக்கம் நாடா முடிய எட்டாமல், ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்டீராய்டு பசி என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பயத்தைவிடப் பெரிதாக இருந்தது அது. அறுக்கப்போகிறார்களா இல்லையா என்பதையும் தாண்டி எங்கேயோ தோசை வார்க்கிற வாசனையைத் துரத்திக்கொண்டிருந்தது என் மூக்கு.

சர்ஜன் வந்தார். பின்னால் ரத்த நோய்க்கான பெரிய டாக்டர். அவருக்கும் பின்னால் ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு ஜமீலா. சர்ஜன் என் வயிற்றின் இடப்பக்கத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பழக்கத்தில் செய்தார் என்று நினைக்கிறேன்.

“ரெண்டு பேரு தகட்டையும் நாங்க எல்லாருமே பாத்தோம். இங்க எனக்கு வேலையில்லம்மா” என்றார். “சந்தோஷமாத்தான் சொல்றேன்.”

எங்களுக்குப் புரிய நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் நர்ஸ் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வழக்கம்போல, “இது சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறது, சாப்டாச்சா?” என்றாள்.

“சாப்பிடலாமா?” என்றேன். அவளைக் கேட்கவில்லை, சர்ஜனைக் கேட்டேன்.

“நல்லா சாப்பிடுங்க.”

இவர் செருப்பை மாட்டாமலே ஓடினார். திரும்பி வரும்போது இலைப் பொட்டலத்தில் இட்லி, பாலித்தீன் பையில் கத்திரிக்காய் கொத்சு, சூடு ஆறாமல். பச்சை உடுப்போடேயே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “இதுக்குப் பேரு கொத்சா? சிதம்பரத்துல கடை வெச்சிகிட்டு இப்படியா செய்வான்?” என்று அத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, எனக்கு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

மூன்று இட்லி தலை நிமிராமல் போயிற்று. நாலாவதில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

“காரமா?” என்றார் இவர்.

“ஆமா.”

தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவர் கண்ணும் நன்றாகச் சிவந்து நிறைந்திருந்தது. முதல்நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.